குரல் பானையும் ஒரு வழக்கும்: கற்பனைச் சமூகத்தை எழுதுவது எப்படி?

மூன்று ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலுக்குக் குறிப்பெடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சாகும் தறுவாயில் இருப்பவரின் குரலை மண்பானையில் அடைத்துவைக்கத் தெரிந்த ஒரு நாடு. ஒரு பானை மூன்று முறைதான் பேசும், அதன் பிறகு அது வெறும் மண். அந்த நாட்டுக்கு வரைபடம் இருக்கிறது, 28 தலைமுறை மன்னர் வரிசை இருக்கிறது, 13 மாத நாள்காட்டி இருக்கிறது, இரண்டு மொழிகளுக்கு எழுத்துகூட இருக்கிறது. இல்லாதது நாவல்தான். முதல் அத்தியாயத்தை ஐந்து முறை தொடங்கி நிறுத்திவிட்டீர்கள். படித்துப் பார்த்த நண்பர், “தீட்டிய திரைச்சீலை அழகாக இருக்கிறது, மேடையில்தான் ஆள் இல்லை” என்று சொன்னாராம். உலகத்தை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டுமா, அந்தச் சமூகத்தை நம்பும்படி ஆக்குவது எப்படி, இது ஒரே நாவலா மூன்று பாகமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இன்றே எழுதத் தொடங்குங்கள். உங்களைப் போலவே நானும் இருந்தவன் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். என் முதல் நாவலுக்கு நான்கு ஆண்டுகள் குறிப்பு எழுதினேன். எட்டுக் குடிகளின் வம்சாவளி, அவர்களின் கொடிகள், அவர்கள் வணங்கும் தெய்வங்களுக்குள் உறவுமுறை என்று நான்கு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. பிறகு ஒரு பெண் காலையில் கதவைத் திறந்து வெளியே வரும் காட்சியை எழுத உட்கார்ந்தேன். அவள் யாரைப் பார்த்ததும் ஒதுங்கி நிற்க வேண்டும், யார் அவளைப் பார்த்து ஒதுங்குவார்கள், தண்ணீருக்கு அவள் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நான்கு நோட்டுகளிலும் தேடினேன். எங்கேயும் இல்லை. ஒரு சமூகத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருந்தேன், அதில் வாழ்வது எப்படியிருக்கும் என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அந்த இடத்தில் எனக்கு உதவியது நம் மொழியிலேயே இருக்கும் ஒரு சொல். வழக்கு. ஊரார் நெடுநாளாகச் செய்துவருவதும் வழக்கு, பேசிவருவதும் வழக்கு, நீதிமன்றத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாதாடுவதும் வழக்கு. ஒரே சொல் இந்த எல்லாவற்றையும் தாங்கி நிற்பது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. ஒரு நாட்டின் வழக்கம் அமைதியான நாட்களில் கண்ணுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் அதை மீறும்போது, அல்லது இரண்டு வழக்கங்கள் ஒன்றோடொன்று மோதும்போது, எல்லோரும் வாயைத் திறந்து ‘இங்கே இப்படித்தான்’ என்று பேச ஆரம்பிக்கிறார்கள். நாவலாசிரியர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். ஆகவே உங்கள் நாட்டை மன்னர்களிலிருந்து கட்டாமல் ஒரு வழக்கிலிருந்து கட்டுங்கள்.

உங்கள் பானையையே எடுத்துக்கொள்கிறேன். அது மிக நல்ல கற்பனை. ஆனால் உங்கள் குறிப்புகளில் அது போர்க்களத்து மந்திரமாக மட்டுமே வருகிறது. அதை ஒரு சின்ன ஊரின் நடுவர் முன்னால் வைத்துப் பார்ப்போம்.

பானையின் கழுத்தில் மூன்று முத்திரைகள் இருந்த தடம். இரண்டு உடைந்துவிட்டன, ஒன்று மீதியிருக்கிறது. பானைக்கு உரியவள் நெடுவி என்ற கைம்பெண். அவள் கணவன் இயலன் வாங்கிய விதைத் தானியக் கடன் தீரவில்லை, எனவே நிலம் தனக்கு வர வேண்டும் என்கிறான் கோத்தன். கடன் தீர்ந்துவிட்டது என்று கணவன் சொல்லக் கேட்டேன் என்கிறாள் நெடுவி. நடுவர் பானையைப் பார்க்கிறார். “உன்னிடம் ஒரு பேச்சு மீதி இருக்கிறதே, உடைத்துக் கேட்டுவிடலாம்” என்கிறார். முதல் முத்திரையைக் கணவன் இறந்த மாதமே, தாங்க முடியாத ஓர் இரவில், அவளே உடைத்திருந்தாள். இரண்டாவதை மகள் திருமணத்தன்று உடைத்தார்கள். கடைசியைத் தன் இறப்பு நாளுக்கென்று வைத்திருக்கிறாள். உடைத்தால் நிலம் மிஞ்சும், குரல் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. கடன் தீர்ந்தது என்று இயலன் தன்னிடம் பொய் சொல்லியிருந்தால்? பானை உண்மையைச் சொல்லிவிட்டால் நிலமும் போகும், குரலும் போகும், இத்தனை ஆண்டுகள் மனதில் வைத்திருந்த மனிதனும் போவான்.

இந்த ஒரு காட்சியை எழுத உட்கார்ந்தாலே நாடு தானாகக் கேள்வி கேட்கத் தொடங்கும். பானையை உடைக்கச் சொல்லி நடுவர் கட்டாயப்படுத்த முடியுமா? உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் சொல்லைவிட இறந்த ஆணின் சொல்லுக்குச் சட்டத்தில் எடை அதிகமா? அதிகம் என்றால், சாகும்போது வேண்டுமென்றே பொய் சொல்லி எதிரியின் குடும்பத்தை அழிப்பவர்களும் இருப்பார்கள். அதைத் தடுக்க மரணப் படுக்கைக்கு அருகே ஊர்ச் சாட்சி ஒருவர் உட்கார வேண்டும். அந்தச் சாட்சிக்குக் கூலி உண்டு. கூலி கொடுக்க முடியாத வீட்டில் குரல் பதிவாகாது. பானை இல்லாத வீட்டுக்கு வழக்காடும் வலிமையும் இல்லை. கடலில் மூழ்கியவனுக்கும் போரில் விழுந்தவனுக்கும் பானை கிடையாது. அப்படியானால் படையில் சேர்வது யார்? வழக்காட நிலமே இல்லாதவர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையைப் படைக்கு அனுப்புவது அந்த நாட்டில் பெரிய அவமானமாகவோ, பெரிய தண்டனையாகவோ இருக்கும். பாருங்கள், போரைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை. ஒரு கைம்பெண்ணின் வயலில் இருந்து படையின் அமைப்பு வந்துவிட்டது.

குயவர்களைப் பற்றி யோசியுங்கள். இறந்தவர்களின் நாக்கு அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களைக் கொண்டாடுவார்களா, தள்ளிவைப்பார்களா? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று நினைக்கிறேன். ஊர் விட்டு ஊர் போக அனுமதி இல்லாத, தங்களுக்குள் மட்டுமே பெண் கொடுத்து எடுக்கும், களிமண் எடுக்கும் குளத்தை அரசின் காவலோடு மட்டுமே அணுகக்கூடிய ஒரு கூட்டம். அவர்களுக்கு மரியாதை உண்டு, ஆனால் யாரும் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு குயவரின் மகள் ஓடிப்போனால் அது காதல் கதை மட்டுமல்ல, அரசியல் குற்றம்.

உங்கள் 28 மன்னர்கள் வீண்போகவில்லை என்பதும் இங்கேதான் தெரிகிறது. இருபத்தெட்டுப் பானைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேச்சு, மொத்தம் 84. இன்று மீதி எத்தனை? பதினொன்று என்று வைத்துக்கொள்வோம். எந்த மன்னனின் பானையை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும் அவை எது? பழைய மன்னன் ஒருவன் பேசினால் இன்றைய மன்னன் கேட்டே ஆக வேண்டுமா? கருவூலத்தில் உண்மையில் ஏழுதான் இருக்கிறது, பதினொன்று என்பது பொய்க் கணக்கு என்று ஒரு காவலாளிக்குத் தெரிந்தால்? வெறும் பெயர் வரிசையாக இருந்தது இப்போது ஒரு கருவூலம், அதற்குள் ஒரு திருட்டு. உங்கள் குறிப்புகளை எரிக்கச் சொல்ல மாட்டேன். ஒரு பாத்திரத்துக்குத் தேவைப்படும் நாள் வரும்வரை அவை பெட்டியில் இருக்கட்டும்.

வழக்கிலிருந்து சமூகத்தைப் பார்ப்பது வெறும் எழுத்து உத்தி அல்ல என்பதற்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த சான்று ஐஸ்லாந்து. 930-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஆல்திங் என்ற பொதுச்சபை உருவானது. அரசன் இல்லை. தீர்ப்பை நிறைவேற்றும் காவல் படையும் இல்லை. சட்டம் எழுத்தில் இல்லாததால் சட்டம் உரைப்பவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சபையில் ஒப்புவிக்கச் செய்தார்கள். வழக்கில் வென்றவர் தீர்ப்பைத் தானேதான் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து எத்தனை கதைகள் பிறக்கும் என்று பாருங்கள். வென்றவருக்கு ஆள்பலம் இல்லையென்றால் வெற்றிக்குப் பொருள் இல்லை. எனவே வலிமையானவர்களிடம் நட்பு தேட வேண்டும், நட்புக்குக் கைம்மாறு செய்ய வேண்டும், கைம்மாறு அடுத்த பகையில் கொண்டுபோய்விடும். அங்கே யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதே அரசியல்.

ஒரே ஒரு விதி ஒரு நாட்டை எப்படி மாற்றும் என்பதற்கு ஜப்பான் இன்னொரு சான்று. 1635-இல் தோக்குகாவா குடும்பத்தின் ஆட்சி, சிற்றரசர்கள் ஓராண்டு ஆட்சித் தலைநகரான எதோவிலும் (இன்றைய டோக்கியோ) ஓராண்டு சொந்த நாட்டிலுமாக மாறி மாறி வாழ வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மனைவியும் வாரிசும் எதோவிலேயே இருந்தாக வேண்டும், அதாவது பிணையாக. கிளர்ச்சியைத் தடுக்கப் போட்ட விதி அது. ஆனால் ஒவ்வொரு சிற்றரசரும் பெரும் பரிவாரத்தோடு போய்வர வேண்டியிருந்ததால் பணம் கரைந்தது, சாலைகள் செழித்தன, வழிநெடுக விடுதி ஊர்கள் வளர்ந்தன, 18-ஆம் நூற்றாண்டில் எதோ பத்து லட்சம் பேர் வாழும் நகரமாகிவிட்டது. சொந்த நாட்டைச் சிறுவயதில் பார்த்தே இராத வாரிசுகள் அங்கே ஆளப் போனார்கள். விதி போட்டவர்கள் இதையெல்லாம் எண்ணியிருக்க மாட்டார்கள். நீங்கள் ஒரு விதியைப் படைக்கும்போது அதன் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள், நோக்காத விளைவுகளை ஒரு பக்கம் எழுதுங்கள். வாசகர் நம்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

மாயத்துக்கும் இதே கணக்குதான். மந்திரவாதிகள் பொன் செய்வார்கள் என்று பல கைப்பிரதிகளில் படித்திருக்கிறேன். பொன்னின் விலை என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்க மாலியின் அரசர் மான்சா மூசா 1324-இல் மெக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கி வாரி வழங்கியதால் அங்கே பொன்னின் மதிப்பு சரிந்தது. சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அங்கு வந்த அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி, மதிப்பு இன்னும் மீளவில்லை என்று பதிவு செய்தார். மந்திரமே இல்லாமல், ஒரு பயணியின் தாராள மனத்தால் நடந்தது இது. உங்கள் குரல் பானைக்கு மூன்று என்ற எல்லை இருப்பதால்தான் அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த எல்லையைக் கதையின் நடுவில் தளர்த்திவிடாதீர்கள். நான்காவது முறை பேசும் பானை ஒன்று கடைசி அத்தியாயத்தில் வந்து நாயகனைக் காப்பாற்றினால் அதற்கு முன் எழுதிய நெடுவியின் துயரம் அத்தனையும் பொய்யாகிவிடும்.

கடந்த காலப் பேரழிவுகளையும் கவனியுங்கள். ‘நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த பெரும்போரில் பாதிப் பேர் மடிந்தார்கள்’ என்று உங்கள் முன்னுரையில் ஒரு வரி வருகிறது. பாதிப் பேர் மடிந்தால் அடுத்த ஆண்டு அறுவடைக்கு ஆள் ஏது? 1348-இல் கொள்ளைநோய் இங்கிலாந்தை அடைந்தபின் உழைப்பாளர் பற்றாக்குறையில் கூலி ஏறியது. 1349-இல் ஓர் ஆணையும் 1351-இல் ஒரு சட்டமும் போட்டு, பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று ஆட்சியாளர்கள் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். உங்கள் போருக்குப் பிறகும் எளியவர்களின் பேரம் பேசும் வலிமை கூடியிருக்கும், அதை அடக்க யாரோ ஏதோ செய்திருப்பார்கள், அந்தக் கசப்பு இன்னும் பேச்சில் இருக்கும். கோத்தன் போன்ற ஒருவன் கடன் கொடுத்து நிலம் பிடிக்கும் பழக்கமே அந்தக் காலத்தில் தொடங்கியிருக்கலாம்.

சோறும் சாலையும் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இயந்திரங்களுக்கு முந்தைய சமூகத்தில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேர் உணவு விளைவிப்பவர்கள். அதாவது நகரத்தில் ஒருவர் உட்கார்ந்து கவிதை எழுத, வயலில் நான்கு முதல் ஒன்பது பேர் வேண்டும். நல்ல வழியில் ஒருவர் நாள் முழுக்க நடந்தால் 25 முதல் 30 கிலோமீட்டர் போகலாம், சுமை வண்டி அதைவிடக் குறைவாகவே போகும். சுமை இழுக்கும் விலங்கும் தின்னும், எனவே தானியத்தைத் தரைவழியே வெகுதூரம் கொண்டுபோனால் விலங்கின் வயிற்றுக்கே பெரும்பகுதி போய்விடும். பெரிய நகரங்கள் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். உங்கள் தலைநகரம் பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது. இருக்கலாம், ஆனால் அங்கே ஒவ்வொரு கவளமும் எப்படி வருகிறது என்பது ஒரு கிளைக்கதையாகவே ஆகிவிடும்.

நம்மில் பலர் கற்பனை நாடு என்றதும் அரசன், கோட்டை, பொற்காசு, எழுத்தர் எல்லாவற்றையும் யோசிக்காமல் எடுத்து வைத்துவிடுகிறோம். தென் அமெரிக்காவின் இன்கா பேரரசில் நாணயம் கிடையாது, நாம் அறிந்த பொருளில் எழுத்தும் கிடையாது, சக்கர வண்டியும் கிடையாது. கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். வரியைக் காசாக வாங்காமல் உழைப்பாக வாங்கினார்கள். சுமார் 40,000 கிலோமீட்டர் சாலை அமைத்து, ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தி கொண்டுபோனார்கள். ஒரு பேரரசுக்கு எது கட்டாயம் என்று நாம் நினைக்கிறோமோ அதில் பாதி இல்லாமலேயே அவர்கள் பேரரசு நடத்தினார்கள். குரல் பானை இருக்கும் நாட்டில் எழுத்து எதற்கு வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதுண்டா? பத்திரம், உயில், ஒப்பந்தம் எல்லாம் குரலாகவே இருக்கலாம். எழுத்து என்பது பானை வாங்க முடியாத ஏழைகளின் கருவியாக, மட்டமானதாகக் கருதப்படலாம். நீங்கள் கண்டுபிடித்த இரண்டு எழுத்துமுறைகளும் அப்போது வேறொரு ஒளியில் தெரியும்.

இனி மொழி. தமிழில் எழுதும் மிகுபுனைவாளருக்கு வாய்த்த செல்வம் இங்கே இருக்கிறது. அதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் சமூகத்தைத் தீர்மானித்தாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார். கதைசொல்லி மன்னனை ‘வந்தார்’ என்றும் குயவரை ‘வந்தான்’ என்றும் எழுதினால் கதைசொல்லி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் கைப்பிரதியில் நாயகன் அரசகுலத்தவன் என்று தெரியவந்த கணத்திலிருந்து விகுதி மாறுகிறது. தெரியாமல் செய்தீர்களா என்று எனக்குத் தோன்றியது. தெரிந்து செய்தால் அது வலிமையான கருவி. உங்கள் நாட்டில் வயதுக்கு மரியாதையா, தொழிலுக்கா, வீட்டில் எத்தனை பானை இருக்கிறது என்பதற்கா? இறந்தவர்களுக்கு மட்டுமே ‘அவர்’, உயிரோடிருக்கும் எல்லோருக்கும், மன்னனுக்கும்கூட, ‘அவன்’, ‘அவள்’ என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். விளக்கமே தேவையில்லை. பத்துப் பக்கத்துக்குள் வாசகர் அந்த நாட்டின் சமயத்தை உணர்ந்துவிடுவார். நெடுவி நடுவர் முன் தன் கணவனைப் பற்றிப் பேசும்போது ‘அவர்’ என்று தொடங்கி, பொய்யைச் சந்தேகிக்கும் இடத்தில் ‘அவன்’ என்று தடுமாறினால் அதைவிடப் பெரிய திருப்பம் அந்த அத்தியாயத்துக்கு வேண்டாம்.

அதேபோல ‘நாம்’, ‘நாங்கள்’. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வதா வெளியே நிறுத்துவதா என்பதை ஒவ்வொரு முறையும் நம் மொழி கேட்கிறது. குயவர் மகள் நாவல் முழுக்க ஊராரிடம் ‘நாங்கள்’ என்றே பேசட்டும். ஒரே ஓர் இடத்தில், தன்னையறியாமல், ‘நாம்’ என்று சொல்லட்டும். எதிரே நிற்பவர் அதைக் கவனித்து ஒரு கணம் அமைதியாகட்டும். அந்த அமைதிக்குள் அவர்கள் நாட்டின் பல தலைமுறைப் பிரிவினை இருக்கும்.

பெயர்களுக்கும் மொழியின் இலக்கணமே உதவும். தமிழ்ச் சொற்கள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்குவதில்லை என்பது பழைய மரபு. ஆகவே நெடுவி, இயலன், கோத்தன் என்ற பெயர்கள் காதுக்கு வீட்டுப் பெயர்களாக ஒலிக்கின்றன. மலைக்கு அப்பாலிருந்து வருபவர்களுக்கு ழிமை, ளோரன், றாவு என்று வைத்தால், ‘இவர்கள் அயலார்’ என்று எழுதாமலேயே வாசகரின் நாக்கு சொல்லிவிடும். இதற்கு எதிரான தவறும் உண்டு: ஒரு பெயரில் நான்கு கிரந்த எழுத்துகளை அடுக்குவது. வாசகர் அதைப் படிக்க மாட்டார், கண்ணால் தாண்டிப் போவார். அளவைச் சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். ‘நாழிகை’, ‘காதம்’ என்று எழுதினால் பழந்தமிழ் நாடு முழுவதும் உடன் வந்துவிடும், ‘நிமிடம்’ என்றால் சுவரில் கடிகாரம் தெரியும். சூளை நாடு அல்லவா உங்களுடையது? ‘ஒரு சூளை ஆறும் நேரம்’ என்று எழுதுங்கள்.

மன்னர்கள் பேச ஆரம்பித்ததும் நாடக வசனம் வந்துவிடுவதையும் சொல்ல வேண்டும். பழமையான சொற்கள் பழமையைத் தருவதில்லை, தூரத்தைத்தான் தருகின்றன. பானைக்குள் இருக்கும் மூதாதையருக்கு மட்டும் அந்த நடையை ஒதுக்கிவையுங்கள். அப்போது அது பொருளோடு இருக்கும்.

உலகை உருவாக்குவதற்கு நம் மரபிலேயே ஒரு வரைபடம் இருப்பதையும் நினைவூட்டுகிறேன். தொல்காப்பியம் ஒரு திணையை முதல், கரு, உரி என்று பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கரு. அந்த நிலத்துக்குரிய மனநிலை உரி. நம் குறிப்பு நோட்டுகள் பெரும்பாலும் கருப்பொருளோடு நின்றுவிடுகின்றன. இந்த நிலத்தில், இந்தப் பொழுதில், மனிதருக்கு எந்த உணர்வு இயல்பாக ஊறும் என்ற கேள்வியைக் கேட்பதில்லை. உங்கள் நாட்டின் உரிப்பொருள் என்ன? என் பார்வையில் அது சேமித்தல், இன்னும் சரியாகச் சொன்னால் செலவழிக்க அஞ்சுதல். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. உங்கள் களிமண் குளம் வற்றத் தொடங்கினால் அந்த நாடு எதுவாகத் திரியும் என்று எழுதிப் பாருங்கள். இருள் அரசன் ஒருவனைக் கொண்டுவருவதைவிட அது பல மடங்கு அச்சம் தரும்.

எழுதும் முறை பற்றி. நெடுவியின் காட்சியை முதலில் எழுதுங்கள், அது நாவலின் எந்த இடத்தில் வரும் என்று யோசிக்க வேண்டாம். எழுதும்போது நாட்டைப் பற்றி ஏதாவது முடிவு செய்ய நேர்ந்தால் பக்கத்தில் ஒரு தனி ஏட்டில் ஒரே வரியில் குறித்துவையுங்கள். ‘பானையை உடைக்க நடுவர் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் உடைக்க மறுத்தால் அது எதிராகக் கொள்ளப்படும்.’ இப்படி. நான் இதைத் தீர்ப்பேடு என்பேன். வழக்கு வந்த பிறகுதான் அதில் வரி ஏறும், முன்கூட்டி ஏறாது. தெரியாத விவரம் குறுக்கிட்டால், ‘இங்கே ஒரு சடங்கு’ என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு மேலே போய்விடுங்கள். 40-ஆம் பக்கத்தில் ஒரு விதி மாறிப்போனால் முதல் பக்கத்துக்குத் திரும்பாதீர்கள். புதிய விதி முதலிலிருந்தே இருந்ததாக நினைத்துக்கொண்டு 41-ஆம் பக்கத்தை எழுதுங்கள். ஐந்து முறை நீங்கள் நின்றுபோனது திறமைக் குறைவால் அல்ல, திரும்பிப் போய்த் திருத்தியதால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். முழு வரைவும் முடிந்தபின் தீர்ப்பேட்டை எடுத்து முரண்பாடுகளைத் தேடுங்கள். எல்லா முரணையும் அழித்துவிட வேண்டியதில்லை. பானை எப்படித் தோன்றியது என்று குயவர்கள் ஒரு கதை சொல்லி, அரண்மனை வேறு கதை சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான நாடுகளிலும் அப்படித்தான்.

உலகைக் கட்டுவதற்கு முன்னோடியாக எல்லோரும் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனைக் காட்டுவார்கள். கதைகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே மொழிகளைப் படைக்கத் தொடங்கியவர் அவர், உண்மைதான். ஆனால் 1937 டிசம்பரில் அவர் தொடங்கி 1954-55-இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெருங்கதையில், பின்னால் அரசனாகும் அந்த நாடோடி, தொடக்க வரைவுகளில் மரக்காலணி போட்ட ஒரு குட்டை மனிதனாக, வேறு பெயரில் இருந்தான். விடுதியின் மூலையில் அவன் உட்கார்ந்திருந்தபோது அவன் யாரென்று தனக்கே தெரியாது என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவ்வளவு குறிப்புகள் வைத்திருந்தவருக்கும் அரசன் வரைவில்தான் கிடைத்தான்.

மூன்று பாகமா என்ற கேள்விக்கு இப்போது யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு வழக்கைத் தொடங்கித் தீர்ப்பு வரை எழுதுங்கள். எனக்குத் தோன்றும் எல்லை இது: நெடுவியின் கடைசி முத்திரையில் தொடங்கி, அரண்மனைக் கருவூலத்தின் பொய்க் கணக்கு வெளிப்படும் நாளில் முடிவது. அதை ஒரு நாவலாக முடித்துவிட்டு, தீர்ப்பேட்டில் இன்னும் யாரும் வழக்காடாத வரிகள் எத்தனை மீதியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நெடுவியின் காட்சியை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன். வரைபடம் வேண்டாம்.